எத்தனை முழம் என்று மட்டும் கேட்கும் பூக்கடை

சிங்கப்பூர் தேக்காவில் பூ எங்கே வாங்குவது என்று இந்த மாதம் மட்டும் மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட இங்கேயே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். உட்கார்ந்த பிறகுதான் தெரிகிறது, அந்தக் கடை எனக்குப் பிடித்துப்போனதற்குப் பூ பாதிக் காரணம்தான். மீதிப் பாதியைச் சொல்லாமல் விட மனசு வரவில்லை, அதனால் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கடையின் பெயரைப் போடவில்லை. எழுதட்டுமா என்று கடைக்கார அக்காவிடம் கேட்டேன், "பேரெல்லாம் வேணாம்மா, இருக்கிற கூட்டத்துக்கே கை பத்தல" என்றார். பஃப்ளோ ரோட்டில், தேக்கா நிலையச் சந்தைக்கு எதிர் வரிசையில், முருங்கைக்காயும் வாழையிலையும் அடுக்கிய காய்கறிக் கடைகளுக்கு நடுவில் இருக்கிறது. மேசையின் ஓரத்தில் ஒரு பழைய மைலோ டின் இருக்கும், அது நிறைய கறுப்பு ஹேர்ப்பின். அதுதான் அடையாளம். அந்த டின்னைப் பற்றி அப்புறம் சொல்கிறேன்.

முதலில் பூ. இங்கே தலைக்கு வைக்கிற மல்லிகை விமானத்தில் வருவது, பெரும்பாலும் தமிழ்நாட்டிலிருந்து. அங்கே விடியுமுன் மொட்டாகப் பறித்து, ஐஸ் வைத்துக் கட்டி, இங்கே கடைக்கு வந்து சேரும்போது சில பெட்டிகளில் பாதி மொட்டு ஓரம் பழுத்திருக்கும். சில கடைகளில் அதையும் நல்ல மொட்டோடு கலந்து கட்டிவிடுவார்கள், வீட்டுக்கு வந்து பிரித்தால்தான் தெரியும். இந்த அக்கா காலையிலேயே தாம்பாளத்தில் கொட்டி, பழுத்ததைப் பொறுக்கித் தள்ளிவிட்டுத்தான் கட்ட உட்காருவார். பதினோரு மணிக்கு வாங்கினால் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல்தான் விரிகிறது, நான் பலமுறை பார்த்துவிட்டேன். கட்டும் நெருக்கம். ஒரு முழத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தால் நூல் கண்ணில் படக் கூடாது, அதுதான் நல்ல கட்டுக்கு அளவு. இங்கே படாது.

நான் கொடுத்தது முழம் 3 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), பண்டிகை வாரத்தில் 5. பக்கத்துக் கடைகளைவிட ஐம்பது காசு கூடத்தான், ஆனால் அக்காவின் கை குட்டை, அது அவருக்கே தெரியும், அதனால் முழங்கையிலிருந்து விரல் நுனிவரை அளந்தபின் நாலு விரல் சேர்த்துத்தான் நறுக்குவார். கணக்குப் பார்த்தால் நஷ்டமில்லை. கதம்பத்தில் மரிக்கொழுந்து நிஜமாகவே இருக்கிறது. கேமரன் மலையிலிருந்து வரும் செவ்வந்தி இரண்டு நாள் தாங்குகிறது. மாலைகளில் எனக்குப் பிடித்தது வெள்ளை ஆர்க்கிட்டும் ரோஜாவும் கலந்தது. இந்த ஆர்க்கிட் மாலையைப் பார்த்து ஊரிலிருந்து வந்திருந்த என் சித்தி, "கல்யாணத்துக்கு இதென்ன பூ, வாசமே இல்லையே" என்று முகம் சுளித்தார். எனக்கோ ஆர்க்கிட் இல்லாத கல்யாண மாலைதான் ஏதோ குறைந்த மாதிரி இருக்கும். 1981-லிருந்து ஆர்க்கிட்தான் நம் தேசிய மலர், பள்ளிக்கூடத்தில் வரைந்து வரைந்து கை பழகிய பூ. ஒரே மாலை, அவருக்கு விநோதம், எனக்குச் சாதாரணம்.

குறையும் சொல்ல வேண்டும். போன ஆண்டு புதுமனை புகுவிழாவுக்கு இரண்டு மாலை சொல்லியிருந்தேன், நாற்பது நிமிடம் தாமதமாக வந்தது, போன் போட்டாலும் எடுக்கவில்லை. ஐயர் வந்து உட்கார்ந்துவிட்டார், மாலை வரவில்லை, எனக்கு எப்படி இருந்திருக்கும். மறுநாள் மன்னிப்புக் கேட்டு ஒரு மாலைக்குப் பணம் வாங்க மறுத்தார், இருந்தாலும் மாலை ஆர்டர் என்றால் உங்களுக்கு வேண்டிய நேரத்துக்கு ஒரு மணி நேரம் முந்தியே வேண்டும் என்று சொல்லி வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை மாலையில் போகாதீர்கள், அந்த நடைபாதையில் சக்கர நாற்காலியோ குழந்தை வண்டியோ நுழையவே இடமிருக்காது.

இனி அந்த மீதிப் பாதி.

பூக்கடைக்குப் போனால் முதல் கேள்வி என்ன வரும் என்று எல்லாருக்கும் தெரியும். "சாமிக்கா, தலைக்கா?" கேட்பதில் தப்பொன்றும் இல்லை, தொழிலுக்குத் தேவையான கேள்விதான். சாமிக்கு என்றால் கொஞ்சம் நீட்டிக் கட்டியது போதும், முகராமல் தனியே எடுத்து வைக்க வேண்டும். தலைக்கு என்றால் நெருக்கமாக இருக்க வேண்டும். ஆனால் அப்பா போன பிறகு அம்மாவோடு பூ வாங்கப் போனபோதுதான் அந்தக் கேள்வியில் என்னவெல்லாம் இருக்கிறது என்று எனக்கு உறைத்தது. வேறொரு கடை, பெயர் வேண்டாம். அங்கே நின்ற பையன் வாயைத் திறந்து, "சாமிக்கா…" என்று தொடங்கி, அம்மாவின் நெற்றியைப் பார்த்தான். மீதிக் கேள்வியைக் கேட்கவே இல்லை. நேராகச் சாமிப் பூ கூடைப் பக்கம் போய்விட்டான். அவன் மரியாதையாகத்தான் நடந்துகொண்டான், அம்மாவின் மனசு நோகக் கூடாது என்றுகூட நினைத்திருப்பான். அம்மா கைப்பையின் வாரைச் சரிசெய்கிற மாதிரி குனிந்துகொண்டார்.

அடுத்த மாதம் சேலைக் கடையிலும் அதேதான். அம்மா அரக்கு நிறம் எடுக்கச் சொல்லிக் கேட்டார், விற்பனைப் பெண் எடுத்துப் போட்டதெல்லாம் சாம்பலும் சந்தனமும். யாரும் எதுவும் தடுக்கவில்லை. யாரும் கடுமையாகப் பேசவும் இல்லை. எல்லாருக்கும் எது வழக்கம் என்று தெரிந்திருக்கிறது, அவ்வளவுதான்.

எனக்கு இது புதிதில்லை என்பதுதான் வேதனை. என் தாத்தா, அம்மாவைப் பெற்றவர், பெரியார் 1929 கடைசியில் இந்தப் பக்கம் வந்தபோது சின்னப் பையன். 1932-ல் தொடங்கிய தமிழர் சீர்திருத்தச் சங்கத்தின் கூட்டங்களுக்குப் போவார், 1935-ல் வந்த தமிழ் முரசைக் கடைசிவரை வாங்கிப் படித்தார், பெண்ணடிமை கூடாது என்று வீட்டில் மணிக்கணக்கில் பேசுவாராம். 1979-ல் அவர் இறந்தபோது அம்மாவுக்கு 21 வயது. பதினாறாம் நாள் பாட்டியை நடு வீட்டில் உட்கார வைத்து, கடைசியாக ஒருமுறை தலை நிறையப் பூ, கை நிறைய வளையல், நெற்றி நிறையக் குங்குமம் வைத்து, பிறகு ஒவ்வொன்றாக எடுத்தார்கள். எடுத்தது வெளியாட்கள் இல்லை, தாத்தாவின் பேச்சைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள்தான். அம்மாவும் அதில் ஒருத்தி. அதை அம்மா என்னிடம் சொன்னது ஒரே ஒருமுறை, அப்பாவின் பதினாறாம் நாளுக்கு முந்தின இரவு.

அதே தாத்தா காலத்தில் முஸ்லிம் அல்லாத ஆணும் ஒன்றுக்கு மேல் கட்டிக்கொண்டு இரண்டு குடும்பம் நடத்தலாம், யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். 1961-ல் மாதர் சாசனம் என்ற சட்டம் வந்தது, அந்த வழக்கம் நின்றது. இன்றைக்கு யாராவது அப்படி இருந்தால் ஊரே பேசும். ஒரு தலைமுறைக்குள் சாதாரணம் என்பது தலைகீழாக மாறிவிட்டது. ஆனால் தலையில் பூ வைப்பதற்குச் சட்டம் எதுவும் குறுக்கே நின்றதில்லையே. சட்டமே இல்லாத இடத்தில் எதைத் திருத்துவது என்றுதான் எனக்குப் புரியவில்லை.

நான் முதலில் செய்தது சண்டை. வெள்ளிக்கிழமை தோறும் சண்டை. விதவை என்று எழுதினால் அதில் ஒரு பொட்டுகூட இல்லை, கைம்பெண் என்று எழுதினால் இரண்டு பொட்டு வருகிறது என்று மேடையில் சொல்வார்களே, அதைக்கூட அம்மாவிடம் சொன்னேன். "எழுத்துல வச்சா நெத்தியில வந்துருமா" என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார். ஒருநாள் பின்னாலிருந்து வந்து அம்மாவின் கொண்டையில் ஒரு சரத்தை நானே சொருகிவிட்டேன். அம்மா அழுதுவிட்டார். அன்றைக்கு நான் செய்தது சரியில்லை. எடுத்தவர்களும் அம்மாவைக் கேட்கவில்லை, வைத்த நானும் கேட்கவில்லை.

இந்த நேரத்தில்தான் இந்தக் கடைக்குப் போனோம், அதுவும் தற்செயலாக, மழைக்கு ஒதுங்கியபோது. அக்காவுக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். அம்மாவை நிமிர்ந்து பார்த்தார், நெற்றியையும் பார்த்திருப்பார், பார்க்காமல் எப்படி. "எத்தனை முழம்மா?" என்றார். அம்மா ஒன்று என்றார். "நெருக்கிக் கட்டினதா, சாதாரணமா?" அவ்வளவுதான். நன்றாகக் கவனியுங்கள், சாமிக்கா தலைக்கா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதை எல்லாம் அந்தக் கேள்வியிலேயே தெரிந்துகொண்டார், ஆனால் பூ யாருக்கு என்று கேட்கவே இல்லை. வீட்டுக்கு வந்த பிறகுதான் எனக்கே அது உறைத்தது. அப்புறம் வாராவாரம் போய் அவர் மற்றவர்களிடம் எப்படிக் கேட்கிறார் என்று பார்த்தேன். எல்லாரிடமும் இதே இரண்டு கேள்விதான். தாலியும் பட்டும் போட்டுக்கொண்டு வந்த பெண்ணிடமும் அதே. தொழிலாளர் தங்குவிடுதியில் தன் அம்மா படத்துக்குப் போட என்று தயங்கித் தயங்கி வந்த இளைஞரிடமும் அதே. வாட்டர்லூ ஸ்திரீட் கிருஷ்ணன் கோயிலுக்கு வாங்கிப் போகும் சீனப் பாட்டியிடமும் அதே, விரலைக் காட்டி. அந்தக் கோயில் வாசலில் ஊதுபத்திக் கட்டோடு சீனர்கள் நின்று கும்பிடுவதைப் பார்த்து நாம் யாராவது ஆச்சரியப்படுகிறோமா? பக்கத்திலேயே குவான் இம் கோயில், அங்கே கும்பிட்டுவிட்டு இங்கேயும் வருவார்கள், பார்த்துப் பார்த்துப் பழகிவிட்டது.

அந்த முதல் நாள், பூவைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்த பிறகு, அக்கா நாலு விரல் அளவு தனியாக ஒரு துண்டு நறுக்கிக் கொசுறாக நீட்டினார். அம்மா, "நான் வைக்கிறதில்லம்மா" என்றார். எனக்கு வயிற்றைப் பிசைந்தது, இவரும் இப்போது அறிவுரை சொல்லப் போகிறார் அல்லது உச் கொட்டப் போகிறார் என்று. அக்கா, "சரிம்மா, கையில வச்சிக்குங்க, ரயில்ல வாசமா இருக்கும்" என்றார். அடுத்த ஆளைப் பார்க்கத் திரும்பிவிட்டார்.

அம்மா அதைக் கைக்குட்டையில் மடித்து வைத்துக்கொண்டார். லிட்டில் இந்தியாவிலிருந்து ஹவ்காங் வரை ரயிலில் கை மூக்குப் பக்கம் நாலைந்து முறை போய் வந்தது. நான் பார்க்காத மாதிரி இருந்தேன்.

எங்கள் மாடியைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். 1989-ல் இன ஒருங்கிணைப்புக் கொள்கை வந்ததிலிருந்து வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்குகளில் ஒவ்வொரு இனத்துக்கும் ஒரு வரம்பு உண்டு, அதனால் ஒரே தளத்தில் எல்லாரும் இருக்கிறோம். எதிர் வீட்டுச் சீன ஆன்ட்டிக்குக் கணவர் இறந்தபோது சட்டைக் கையில் சின்னதாக ஒரு துணித் துண்டைக் குத்திக்கொண்டிருந்தார். 49 நாள். அது முடிந்ததும் எடுத்துவிட்டார், அடுத்தடுத்த சீனப் புத்தாண்டில் சிவப்புச் சட்டை போட்டு எங்கள் வீட்டுக்கு ஆரஞ்சுப் பழம் கொண்டுவந்தார். பக்கத்து வீட்டு மலாய் அக்கா கணவர் போனதும் இத்தா என்ற துக்கக் காலம் இருந்தார், நாலு மாதம் பத்து நாள், நகை நறுமணம் எதுவும் இல்லாமல். அதுவும் முடிந்தது, முடிந்த வாரமே பேத்தியின் கல்யாணத்துக்குப் புதுச் சட்டை தைக்கக் கொடுத்தார். இரண்டு பேரும் கணவருக்காக அழுதது அம்மா அழுததைவிடக் குறைச்சல் இல்லை. மூன்று பேரும் ஒரே லிஃப்டில் ஏறி இறங்குகிறவர்கள். அந்த இருவரின் துக்கத்துக்கும் நாள் கணக்கு இருக்கிறது, எங்கள் வீட்டில் அம்மாவுக்கு மட்டும் அது ஏன் ஆயுள் கணக்கு என்று நான் கேட்டபோது அம்மாவிடம் பதில் இல்லை. "நமக்கு இப்படித்தான்" என்றார். அந்த "நமக்கு" யார் என்று நான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஏனென்றால் அம்மாவின் சிநேகிதி ஒருவர், அவரும் தமிழர்தான், கணவர் போன மறுமாதமே பொட்டு வைத்துக்கொண்டார், அவருடைய பிள்ளைகள் யாரும் எதுவும் சொல்லவில்லை.

நாலாவது வாரமோ ஐந்தாவது வாரமோ, வெள்ளிக்கிழமை, அக்கா வழக்கம்போல் கொசுறுத் துண்டை நீட்டினார். அம்மா வாங்கிக்கொண்டு சும்மா நின்றார். பின்னால் ஆட்கள் நிற்கிறார்கள். அப்புறம், "ஊசி இருக்காம்மா?" என்றார், மெதுவாக. அக்கா மைலோ டின்னை இந்தப் பக்கம் தள்ளினார். கை நார் கிழிப்பதில் இருந்தது, அதை நிறுத்தக்கூட இல்லை. அம்மா ஒரு பின்னை எடுத்து, பல்லால் விரித்து, அந்தக் காலத்துப் பெண்கள் செய்வதுபோல, கொண்டைக்கு இடது பக்கமாகச் சொருகிக்கொண்டார். மூன்று வருடம் பழக்கம் விட்டுப்போன கை, கொஞ்சம் தடுமாறியது. நான் உதவப் போகவில்லை. அக்காவும் "அழகா இருக்கு" என்று எதுவும் சொல்லவில்லை. "நாலு வெள்ளி குடுத்தீங்க, ஒரு வெள்ளி மீதி இந்தாங்க" என்றார்.

சொல்லாமல் விட்டதற்காகத்தான் அந்த அக்காவுக்கு நான் நன்றி சொல்வேன். பாராட்டியிருந்தால் அம்மா அந்தப் பூவை எடுத்திருப்பார், எனக்கு நிச்சயம் தெரியும். பாராட்டினாலும் அது ஒரு சேதிதானே, நீ செய்தது எல்லாரும் செய்வது இல்லை என்று சொல்வதுதானே.

வீட்டுக்குப் போகும் வழியில் எனக்குத்தான் படபடப்பு. ரயிலில் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. புளோக்குக்குக் கீழே வந்ததும் அம்மாவின் கை தானாகத் தலைக்குப் போனது, எங்கள் சொந்தக்காரர் ஒருவர் ஏழாவது மாடியில் இருக்கிறார். லிஃப்ட் திறந்தது, உள்ளே பக்கத்து வீட்டு மலாய் அக்கா. அம்மாவைப் பார்த்து, "வாஹ், மெலோர்! வாங்ஙி!" என்றார். மல்லிகைக்கு மலாயில் மெலோர் என்று பெயர், வாங்ஙி என்றால் வாசம். அவர்கள் ஊரில் அவர் பாட்டியும் கொண்டையில் மெலோர் வைப்பாராம், அதைச் சொல்லிக்கொண்டே ஆறு மாடி ஏறினோம். அம்மாவின் கை இறங்கிவிட்டது.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போனபோது அம்மா பூ வைக்கவில்லை, நலங்கு வைக்கக் கூப்பிட்டபோது பின்வரிசையிலிருந்து எழவும் இல்லை. அங்கே கேள்விகள் வேறு. நான் எதுவும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை தேக்காவுக்குப் போகும்போது வைப்பார், அவ்வளவுதான் இப்போதைக்கு.

பூ வாங்கப் போகிறவர்களுக்கு இன்னும் சில விஷயம். திங்கள், செவ்வாய் காலையில் போனால் கூட்டமில்லை, அக்காவே உட்கார்ந்து உங்கள் கண்முன் கட்டித் தருவார். பேநவ் (கைப்பேசியில் பணம் அனுப்புவது) உண்டு, ஆனால் சில்லறையாகக் கொடுத்தால் முகம் மலர்கிறது. பொங்கலுக்கு வேண்டுமென்றால் மூன்று நாள் முன்பே சொல்லிவிடுங்கள். மிச்சப் பூவை ஈரத்துணியில் சுற்றி எவர்சில்வர் டப்பாவில் மூடி ஃப்ரிட்ஜில் வைத்தால் மறுநாள் மாலைவரை மொட்டாகவே இருக்கும், பிளாஸ்டிக் பையில் வைத்தால் வியர்த்து நாறிவிடும். பின் இலவசம், டின்னில் கைவிட்டு எடுத்துக்கொள்ளலாம், யாரும் எண்ண மாட்டார்கள்.

போன வெள்ளிக்கிழமை எனக்கு அலுவலகத்தில் வேலை, அம்மா தனியாகப் போய் வந்திருந்தார். நான் வீட்டுக்கு வந்தபோது மேசையில் காகிதச் சுருள் இருந்தது, பிரித்தேன், இரண்டு முழம். சாமிக்கும் அப்பா படத்துக்கும் சேர்த்து எப்போதும் ஒன்றுதான் வாங்குவோம். ஏன்மா இரண்டு என்று கேட்க வாயெடுத்து, நிறுத்திக்கொண்டேன். கத்தரிக்கோலை எடுத்துவந்து, "எவ்வளவு நறுக்கட்டும்மா?" என்றேன். அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த கையைத் தூக்கி நாலு விரல் காட்டினார்.